பள்ளத்தைக் காட்டுகிறார்கள், வெள்ளத்தைக் காட்டுவதில்லை

கோயில் உண்டியலில் காசு போடுவதற்கு ஒரு பிளவு வைத்திருப்பார்கள். அதன் நீளம் அதிகம். அகலம் மிகக் குறைவு. ஆழமோ கண்ணுக்குத் தெரியாது. பாறை நிலத்தில் இப்படியொரு பிளவு பல நூறு மீட்டர் தூரம் வளைந்து நெளிந்து ஓடினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலே நிற்பவருக்கு அது தரையில் விழுந்த வெடிப்பு போலத்தான் தோன்றும். உள்ளே இறங்கியவருக்கோ சில இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இரு சுவர்களும் தட்டுப்படும். தலைக்கு மேலே பத்து மாடி உயரத்துக்குப் பாறை. அதற்கும் மேலே வானம் ஒரு நீலக் கோடு.

இத்தகைய பள்ளங்களை ஆங்கிலத்தில் ‘ஸ்லாட் கேன்யன்’ என்பர். நாம் ‘இடுக்குப் பள்ளத்தாக்கு’ என்று சொல்லிக்கொள்வோம். உலகில் இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பேஜ் நகருக்கு அருகில் உள்ள ஆண்டெலோப் கேன்யன். நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கும் இப்பள்ளத்தாக்குக்குள் வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. வழிகாட்டிகள் பயணிகளைக் குழு குழுவாக உள்ளே அழைத்துச் சென்று, சுற்றிக் காட்டி, வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள்.

நம்மில் பெரும்பாலோர் இதையெல்லாம் படங்களில்தான் பார்க்கிறோம், நானும் அப்படியே. பயணப் படங்கள் இன்று கைப்பேசியிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க, ஒரு பள்ளத்தாக்கை நமக்குக் காட்டும் முறையில் ஏதோ ஒன்று விடுபட்டுப் போகிறது என்ற எண்ணம் வலுத்தது. காட்டப்படும் இடம் அற்புதமானது. காட்டும் முறையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம். விடுபட்டுப் போவது சிறு செய்தியன்று. அதை அறியாததால் உயிர்கள் போயிருக்கின்றன.

வழிகாட்டி எதைக் காட்டுகிறார்?

இப்படங்களில் வழிகாட்டி முதலில் காட்டுவது உருவங்களை. “அதோ பாருங்கள், இதயம்! இதோ கரடி! காற்றில் கூந்தல் பறக்க நிற்கும் பெண்!” என்று பாறையின் வளைவுகளைச் சுட்டுகிறார். பயணிகள் வியந்து படம் பிடிக்கிறார்கள். கைப்பேசியை எந்த அமைப்பில் வைத்தால் சிவப்பு நிறம் தூக்கலாகத் தெரியும் என்றும் வழிகாட்டியே சொல்லித் தருகிறார். நமக்கும் இது புதிதன்று. எந்தக் குகைக்குப் போனாலும் யானை, நாகம், சிவலிங்கம் என்று உருவங்களைக் காட்டுபவர் ஒருவர் இருப்பார். மேகத்தில் உருவம் பார்ப்பது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் கரடியைக் கண்டுகொண்டவுடன் பார்வை நின்றுவிடுகிறது. பாறை ஏன் இவ்வளவு வழவழப்பாக, அலை அலையாக வளைந்திருக்கிறது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே குழு அடுத்த வளைவுக்கு நகர்ந்துவிடுகிறது.

அடுத்து ஒளிக்கற்றை. கோடைக்கால நண்பகலில் சூரியன் உச்சிக்கு அருகே வரும்போது, மேற்பிளவின் வழியாக ஒளி தூண் போல உள்ளே இறங்கும். அது நன்றாகத் தெரிவதற்காகத் தரையிலுள்ள மணலை அள்ளி ஒளியில் தூவும் வழக்கமும் இருந்து வந்தது. இங்கே ஓர் அருமையான இயற்பியல் பாடம் காத்திருக்கிறது. ஒளி பக்கவாட்டில் செல்லும்போது அது நம் கண்ணுக்குத் தெரியாது. வழியிலுள்ள துகள்கள் அதைச் சிதறடித்து, ஒரு பகுதியை நம் கண்ணுக்கு அனுப்பினால்தான் ‘கற்றை’ தெரியும். ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலிலும், திரையரங்கில் படம் காட்டும் கருவியிலிருந்து வரும் ஒளியிலும் நாம் காண்பது இதுவே. ஆண்டெலோப் கேன்யனில் எடுத்த ஒரு நிழற்படம் 65 லட்சம் டாலருக்கு விற்பனையானதாக 2014-ல் அதன் கலைஞர் தரப்பில் அறிவிக்கப்பட்டது. ஒளிக்கற்றையில் புழுதி ஆவி உருவம் போல எழுந்து நிற்கும் படம் அது. அதில் தெரிவதெல்லாம் தூசியும் ஒளிச்சிதறலும்தான். இதைச் சொன்னால் படத்தின் அழகு குறையுமா? எனக்குத் தெரிந்து எந்த மாணவருக்கும் குறைந்ததில்லை.

மூன்றாவது நிறம். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் பாறை செந்நிறமாக இருக்கிறது. ஆயினும் அதே பாறை வெளியே மங்கலாகவும் உள்ளே தணல் போலவும் தெரிவது ஏன்? ஓர் எளிய கணக்குப் போடுவோம். அப்பாறை தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 60 விழுக்காட்டையும் நீல ஒளியில் 20 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வெளியே ஒரே ஒரு முறை பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பு நீலத்தைப் போல 3 மடங்கு இருக்கும். இடுக்குக்குள் ஒளி ஒரு சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, மறுபடி முதற்சுவரில் பட்டு நம்மை அடைகிறது. மூன்று முறை பட்டால் இந்த விகிதம் 3×3×3, அதாவது 27 மடங்காகிவிடும். சுவர்கள் நெருங்க நெருங்க நிறம் ஆழமாவதன் காரணம் இதுவே. கைப்பேசியின் அமைப்பைச் சொல்லித் தரும் நேரத்தில் இதையும் சொல்லிவிடலாம்.

காற்று அடுக்கியது, நீர் அறுத்தது

சுவர்களில் சாய்வாக ஓடும் வரிகளைக் காட்டி, “காற்றும் நீரும் செதுக்கிய சிற்பம்” என்று பல படங்களில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்த வாக்கியம் இரண்டு வேறு காலங்களையும் இரண்டு வேறு வேலைகளையும் ஒன்றாகக் குழப்புகிறது.

இப்பாறைக்கு நவஹோ மணற்பாறை என்று பெயர். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்த மணல்மேட்டுப் பாலைவனம் இருந்தது. காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் சரியவிட்டது. அந்தச் சரிவுகளே இன்று சுவரில் தெரியும் சாய்ந்த வரிகள். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கும் காற்று குவித்த செம்மணல். அங்கும் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு. ஒரு தேரி ஆழப் புதைந்து, நிலத்தடி நீரிலிருந்து படியும் கனிமங்களால் துகளோடு துகள் ஒட்டிக்கொண்டு கல்லானால் ஏறத்தாழ இப்படிப்பட்ட பாறைதான் கிடைக்கும்.

வரிகள் காற்றின் வேலை. பிளவு நீரின் வேலை. பாறையில் முதலில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. பாலைவனத்தில் மழை அரிது. பெய்தால் கொட்டித் தீர்க்கும். மண்ணும் செடியும் இல்லாத வெற்றுப் பாறை மழையை உறிஞ்சாது. ஓடிவரும் நீர் வெடிப்பைக் கண்டு அதில் புகும். அது வெறும் நீராக வருவதில்லை. மணலையும் கல்லையும் சுமந்து வருகிறது. தச்சர் உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது போல அந்த மணல் பாறையைத் தேய்க்கிறது. ஆண்டில் சில மணி நேரம் மட்டுமே நடக்கும் இவ்வேலை ஆயிரமாயிரம் ஆண்டுகள் தொடர்ந்ததால் பிளவு கீழ்நோக்கி ஆழமாயிற்று. பாறை உறுதியானதாகையால் சுவர்கள் சரியாமல் நின்றன.

ஆக, பயணி தொட்டுத் தடவி வியக்கும் ஒவ்வொரு வளைவும் வெள்ளத்தின் கைவண்ணம். அவர் நிற்கும் இடம் ஓர் ஆற்றின் படுகை. ஆறு இப்போது ஓடவில்லை, அவ்வளவே. “இது யார் செய்தது?” என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைத்தால், “அவர் மறுபடி எப்போது வருவார்?” என்ற கேள்வி தானாகவே பின்தொடரும். இந்த இரண்டாவது கேள்வியை எழுப்பாத சுற்றுலாவைக் குறையுள்ளது என்றே சொல்வேன்.

ஒரு சிறு கணக்கு

கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்கு மேலே 10 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீர் அதனுள் வந்து சேர்வதாகக் கொள்வோம். அங்கே 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது நம் ஊர்க் கோடை மழைக்கே மிகையான அளவன்று. மொத்த நீர் 2 லட்சம் கன மீட்டர். பாதி வழியில் தங்கிவிட்டது என்று வைத்தாலும் 1 லட்சம் கன மீட்டர் வந்து சேரும். அது அரைமணி நேரத்தில் கடந்து போக வேண்டுமானால், வினாடிக்கு ஏறத்தாழ 55 கன மீட்டர் ஓட வேண்டும்.

இந்த நீர் 50 மீட்டர் அகலமுள்ள மணல் ஆற்றில், வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால் ஆழம் முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதே நீர் 2 மீட்டர் அகலமுள்ள இடுக்கில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் ஆழம் ஐந்தரை மீட்டர்! மூன்று ஆள் உயரம். மழையின் அளவு மாறவில்லை, அகலம்தான் மாறியது.

வேகத்தின் விளைவையும் பார்ப்போம். ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவர்மீது வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர் ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும். வேகம் 3 மீட்டரானால் விசை 9 மடங்காகும். அதாவது 135 கிலோ. எந்தப் பயில்வானும் நிற்க முடியாது. நீர் உருட்டக்கூடிய கல்லின் எடையோ வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். தள்ளுவிசை கல்லின் பரப்பைப் பொறுத்தது. எடை அதன் கன அளவைப் பொறுத்தது. இரண்டையும் சமப்படுத்திப் பார்த்தால் ஆறாம் அடுக்கு வரும் என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். வேகம் இருமடங்கானால் கல்லின் எடை 64 மடங்கு. காட்டாற்றுப் படுகையில் யானைக் குட்டி அளவுப் பாறைகள் கிடப்பதன் மர்மம் இதுதான்.

இன்னொன்று: நேரம். மழை 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெய்தால், நீர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தாலும் நம்மை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேகம் கலைந்தும் போயிருக்கலாம். எனவே பள்ளத்துக்குள் நிற்பவருக்குத் தலைக்கு மேல் தெரியும் நீல வானம் எந்த உறுதியையும் தருவதில்லை.

நடந்தவை

இவை வெறும் தாள் கணக்குகள் அல்ல. 1997 ஆகஸ்டு 12 அன்று ஆண்டெலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் ஒரு குழு இறங்கியிருந்தது. அந்த இடத்தில் மழை மிகக் குறைவு. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேலே இடிமழை கொட்டியிருந்தது. நீர்ச்சுவர் போல வந்த வெள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் மாண்டனர். உயிர் பிழைத்தவர் ஒரு வழிகாட்டி மட்டுமே. அதன் பிறகு மர ஏணிகள் போய், பாறையில் பொருத்திய இரும்புப் படிகள் வந்தன. வானிலை அறிவிப்பைக் கேட்கும் வானொலியும் எச்சரிக்கைச் சங்கும் வைக்கப்பட்டன.

ஜோர்டான் நாட்டுப் பெட்ரா நகரின் நுழைவாயிலும் இத்தகைய இடுக்கே. ‘சிக்’ எனப்படும் அது 1 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. 1963-ல் அங்கு வந்த திடீர் வெள்ளத்தில் 20-க்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். வியப்பு என்னவென்றால், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அந்நகரைக் கட்டிய நபாட்டியர்கள் இந்த ஆபத்தை நன்கு அறிந்திருந்தார்கள். இடுக்கின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். அது பழுதுபட்டுப் போனதால்தான் இவ்வளவு கேடு. பின்னர் அணை திரும்பக் கட்டப்பட்டது. பெட்ராவுக்குப் போகிறவர்கள் செதுக்கிய கோபுர முகப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அணையின் முன் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

வெளிநாட்டுக் கதை என்று விட்டுவிட வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல், மலையில் பெய்த மழைநீர் திடீரெனப் பெருகி வந்தது. மக்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அரிசோனாவில் மணற்பாறை, குற்றாலத்தில் மலைப்பாறை. கணக்கு மட்டும் ஒன்றே.

ஆண்டெலோப் கேன்யன் என்ற ஆங்கிலப் பெயர் அங்கே மேய்ந்த மான் போன்ற விலங்கைக் குறிப்பது. அதன் மேற்பகுதிக்கு நவஹோ மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயருக்குப் பொருள், ‘பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்’ என்பது. பெயரிலேயே விளக்கமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது! சுற்றுலாச் சீட்டில் அச்சாவது மானின் பெயர். நம் மொழியிலும் ‘காட்டாறு’ என்ற ஒரு சொல் உண்டு. எங்கள் பகுதியில் ஓடும் அக்னியாற்றைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, மழை பெய்தால் செந்நீராய்ச் சீறி வருவது. பழைய சொற்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்கு மொழிப் பற்றைத் தவிர இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

காரையின் ஓடைகள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்கு அருகே, புல் பூண்டு அதிகமில்லாத களிமண் மேடுகள் நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளால் அறுபட்டுக் கிடக்கின்றன. கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, பாடாலூர் வழியாகப் போய் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். சென்ற ஆண்டு இயற்பியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றோம். இடத்தைக் காட்ட ஒருவர் உடன் வந்தார். நல்ல மனிதர், வெயிலைப் பாராமல் மேடு மேடாக ஏறி இறங்கினார். ஆனால் அவர் சொன்னவற்றைப் பாருங்கள்: “இதுதான் தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்.” “இந்த உருண்டைக் கல் டைனோசர் முட்டை.” “வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே நிறையக் கிடக்கிறது.”

மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கிராண்ட் கேன்யன் என்பது கொலராடோ ஆறு அறுத்த மாபெரும் பள்ளத்தாக்கு. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அகலம் சராசரியாக 16 கிலோமீட்டர். ஆழத்தை அகலத்தால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு வரும். அதாவது உருவத்தில் அது ஒரு தாம்பாளம்! ஆண்டெலோப் கேன்யனில் சுவரின் உயரம் ஏறத்தாழ 36 மீட்டர். அகலம் 2 மீட்டராக உள்ள இடத்தில் வகுத்தால் 18 வரும். காரையில் எங்கள் மாணவர்கள் நாடாவால் அளந்த ஓடைகளில் விடை அரைக்கும் ஒன்றுக்கும் இடையே அமைந்தது. மூன்றும் மூன்று வகை. உறுதியான பாறையைப் பேராறு கோடைக்கும் மாரிக்கும் ஓயாமல் அறுத்து, சுவர்களும் சிறுகச் சிறுக இடிந்து விரிந்தால் தாம்பாளம். அதே போன்ற உறுதியான பாறையில் எப்போதோ வரும் வெள்ளம் ஒரு வெடிப்பைப் பிடித்து இறங்கினால் உண்டியல் பிளவு. களிமண்ணோ நனைந்தால் உப்பிக் குழையும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் செங்குத்தாக நிற்க இயலாது. சரிந்து ‘வி’ வடிவ ஓடைகளாகிறது. ஆந்திரத்தில் பெண்ணாறு பாறையை அறுத்துச் செல்லும் கண்டிக்கோட்டையை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்கிறார்கள். காரையைத் ‘தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்’ என்கிறார்கள். அடைமொழி கொடுத்தவுடன் அந்தந்த இடத்தின் சொந்தக் கதை மறைந்துவிடுகிறது.

காரையின் சொந்தக் கதை என்ன? ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சேறுதான் அந்தக் களிமண். வெயிலில் கண்ணாடிச் சில்லு போல மின்னுவது ஜிப்சம். துப்பாக்கித் தோட்டா வடிவில் கிடப்பவை பெலம்னைட்டுகள். இன்றைய கணவாய் மீனின் தொலைதூர உறவினங்களுடைய உடலுக்குள் இருந்த கடினமான பகுதிகள். சுருள் சுருளாக இருப்பவை அம்மோனைட்டுகள். பக்கத்திலுள்ள ஊட்டத்தூரின் பெயரால் இப்படிவுகளில் ஒரு தொகுதியை 1862-லேயே பிளான்போர்டு என்ற நிலவியலார் குறித்து வைத்தார். உலகெங்கும் நிலவியல் நூல்களில் அந்தச் சிற்றூரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. இவ்வளவு பெருமை சொந்தமாக இருக்கும்போது இரவல் பெயர் எதற்கு?

முட்டைக் கதையும் இத்தகையதே. 2020 அக்டோபரில் இதே மாவட்டத்துக் குன்னத்தில் நீர்நிலையில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஒரே நாளில் பரவிற்று. நிலவியலார் பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவில் திரண்ட கற்கள் என்று விளக்கினர். சேற்றில் புதைந்த சிப்பி போன்ற ஒன்றைச் சுற்றிக் கனிமம் எல்லாத் திசையிலும் சீராகப் படிந்துகொண்டே வந்தால் உருண்டைதான் உருவாகும். சர்க்கரைப் பாகில் கடலை மிட்டாய் உருண்டை திரள்வதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படி.

“வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. எங்கள் மாணவர் ஒருவரின் பை அரைமணியில் நிறைந்துவிட்டது. புதைபடிவம் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலமும் கதையும் இருக்கின்றன. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். வருகிறவர்கள் ஆளுக்கொரு பை நிரப்பினால், பத்துக் கோடி ஆண்டு இருந்தது பத்தாண்டில் தீர்ந்துவிடும். பையிலிருந்தவற்றைக் கிடந்த இடத்தருகே திரும்ப வைக்கச் சொன்னோம். சாத்தனூர் கல்மரத்தை நினைத்துப் பாருங்கள். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன அந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருப்பதால்தான் இன்றும் நாம் பார்க்க முடிகிறது. கையில் தொட்டுப் பார்க்க முடியாவிட்டாலும் கண்ணால் பார்த்து அறிய அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உள்ளது.

அன்று கேட்டவற்றுள் மிகச் சிறந்த விளக்கம் வழிகாட்டியிடமிருந்து வரவில்லை. முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் குடும்பத்து மாணவி ஒருவர் ஓடையொன்றின் தலைப்பக்கம் நின்று, “சார், எங்க கொல்லையில மரம் வெட்டின பக்கம் மட்டும் மழை பெஞ்சா இப்படித்தான் அறுக்கும். மரம் இருக்கிற பக்கம் அறுக்காது” என்றார். வேர் மண்ணைப் பிடிப்பதும், இலைச் சருகு மழைத்துளியின் வேகத்தைத் தணிப்பதும், அவை இல்லாத இடத்தில் நீர் ஒன்றுகூடி ஓடையாவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டன. பள்ளம் எப்படிப் பிறக்கிறது என்பதை அவர் தம் கொல்லையிலேயே கண்டிருக்கிறார்.

வழிகாட்டிகளுக்காகவும் ஒரு சொல்

குறை கூறுவதோடு நிறுத்துவது முறையாகாது. வழிகாட்டி இல்லாமலே போய்விடலாம் என்பது என் கருத்தன்று. ஆண்டெலோப் கேன்யனில் வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது சரியான ஏற்பாடு. அந்நிலத்தில் ஆடு மேய்த்த குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு அந்த இடத்தின் மழையும் மணலும் நம்மைவிட நன்றாகத் தெரியும். பயணிகள் உருவங்களையும் படங்களையும் கேட்பதால்தான் அவர்கள் அவற்றைக் காட்டுகிறார்கள். எனவே மாற வேண்டியவர்களில் பயணியும் ஒருவர். நாம் கேட்கும் கேள்வி மாறினால் அவர் சொல்லும் விடையும் மாறும்.

எந்தச் சுற்றுலாவையும், எந்தப் பயணப் படத்தையும் எடைபோட ஓர் அளவுகோலைப் பரிந்துரைக்கிறேன். அதைப் பார்த்து முடித்த பிறகு, வழிகாட்டி இல்லாத இன்னொரு பள்ளத்தின் முன் நின்று, இது எந்தப் பொருளால் ஆனது, எது இதை அறுத்தது, அது திரும்ப வந்தால் நான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது நல்ல சுற்றுலா. இதயத்தையும் கரடியையும் மட்டுமே நினைவுகூர முடிந்தால், கொடுத்த காசுக்கு அழகு கிடைத்தது, அறிவு கிடைக்கவில்லை.

இதற்கு அரிசோனாவுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த நல்ல மழை விட்டதும் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சாலையோரத்துக்குப் போங்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கமானால் செம்மண்ணும் சரளையும் வெட்டுப்பட்ட சரிவுகள் எங்கும் உண்டு. புதிதாக விழுந்த பத்து அறுப்புகளின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து வகுத்து எழுதுங்கள். சரளை கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்திலும், இளகிய மண்ணிலும், புல் முளைத்த இடத்திலும் தனித்தனியே அளக்க வேண்டும். எங்கே உண்டியல் பிளவு, எங்கே தாம்பாளம் என்று பிரித்துப் பாருங்கள். அடுத்த முறை அருவிக்கோ ஆற்றுக்கோ போகும்போது, நீரில் இறங்குமுன் அங்குள்ளவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மேலே எங்கே மழை பெய்தால் இங்கே தண்ணீர் ஏறும்?” விடை தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் அவரைப் பின்பற்றுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், கரையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.